பிரேக்கும் ஷாக்கும்: இரண்டு ஆள் வேலை

இந்த அத்தியாயத்து வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கேபினில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு நிப்பிளைத் திறந்து மூடும் கட்டம் கடைசியில் வரும். ஒற்றை ஆளாகவே காற்றெடுக்கும் பம்புகள் விற்கிறார்கள். ஒரு வண்டி வைத்து ஓட்டுகிறவர் அதற்குக் காசு போடுவது வீண். இந்த வேலையை முன்பே செய்து பழகிய நண்பர் ஒருவரைக் கூப்பிடுங்கள். இருவருமே புதுசு என்றால் வண்டியைப் பட்டறையில் விட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். அதற்குப் பிறகு இதை இன்னொரு முறை படிக்கலாம்.

பெருமாநல்லூரில் அப்படிப்பட்ட நண்பர் கிடைப்பது பெரிய பாடில்லை. சேலம்–கொச்சி நெடுஞ்சாலையும் திருப்பூர்–கோபி சாலையும் சந்திக்கிற ஊர். நிட்டிங் ஃபிட்டர், தையல் மெஷின் மெக்கானிக், லேத் பட்டறைக்காரர், டிரைவர் வேலையை விட்டுச் சொந்த வண்டி வாங்கியவர் என்று ஸ்பேனர் பிடித்த கைகள் சுற்றுவட்டாரத்தில் நிறைய. இவர்களில் நான் கூப்பிடுவது டிரைவராக இருந்து வண்டி வாங்கியவரைத்தான். நிட்டிங் மெஷினில் ஊசி மாற்றும் கை எவ்வளவு நுணுக்கமானதாக இருந்தாலும், சரக்கோடு இறக்கத்தில் போகும்போது பெடல் கீழே இறங்கிய அனுபவம் அந்தக் கைக்காரருக்கு இருக்காது. அவசரக்காரர் மட்டும் வேண்டாம். மதியம் பிரியாணி வாங்கிக் கொடுங்கள். மற்ற கவனிப்பெல்லாம் வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகு.

காசு மிச்சமாகும் என்று மட்டும் நினைத்து இறங்க வேண்டாம். சின்ன வண்டிக்குப் பட்டறைக் கூலி அப்படியொன்றும் மலையில்லை. செலவில் பெரும்பங்கு சாமானுக்குப் போகிறது, அதை எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும். ஒருமுறை கழற்றி மாட்டியவருக்குக் கிடைக்கும் லாபம் வேறு. அடுத்த தடவை பட்டறையில் “எல்லாம் மாத்தியாச்சுங்க” என்றால், டிரம்முக்குள் எட்டிப் பார்த்து எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று அவராலேயே சொல்ல முடியும்.

எந்த வண்டிக்கு, எதற்கு இல்லை

இங்கே சொல்வது டாடா ஏஸ் மாதிரியான சின்ன வண்டிகளுக்கு. 2005-ல் ஏஸ் வந்ததிலிருந்து திருப்பூரின் ஜாப் ஒர்க் ஓட்டத்தில் பெரும்பகுதியைச் சுமப்பது குட்டி யானைதான். நூல் மூட்டை நிட்டிங்குக்கு, துணி ரோல் சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பேக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல் என்று ஒரு பனியன் பெட்டிக்குள் போவதற்குள் பல தடவை வண்டி ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு நடையும் சில கிலோமீட்டர்தான். ஆனால் பூலுவப்பட்டி, பாண்டியன் நகர் என்று ஊருக்குள் போய்வரும் அந்தச் சில கிலோமீட்டரில் மிதிக்கிற பிரேக்கை, பைபாஸ் ஏறிச் சேலம் வரைக்கும் போனாலும் மிதிக்க மாட்டோம். ‘இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும்’ என்று யாராவது சொன்னால், அது லைன் வண்டிக்கான கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏஸில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். பொலீரோ பிக்கப், தோஸ்த் போன்றவற்றுக்கும் முறை ஏறக்குறைய இதுவேதான், போல்ட் அளவும் இறுக்கமும்தான் மாறும். மாருதி சூப்பர் கேரியின் முன்பக்கம் மட்டும் வேறு. அங்கே ஷாக்கைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் உட்கார்ந்திருக்கும். அதை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் முகத்துக்கே வரும். அதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

ஏர் பிரேக் லாரிப் பக்கமே போக வேண்டாம். பின் அச்சில் இருக்கும் ஸ்பிரிங் சேம்பரின் கிளாம்பைத் தெரியாமல் கழற்றினால் உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளையே கொன்றுவிடும். நண்பருக்குத் தெரியும் என்றாலும் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை அது.

ஏன் இரண்டையும் சேர்த்து

பிரேக் பிடித்து நிறுத்துவது சக்கரத்தை மட்டும்தான். வண்டி நிற்பது டயரும் ரோடும் ஒட்டியிருந்தால்தான். ஷாக் செத்த வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கிய பிறகும் இரண்டு மூன்று முறை ஆடும். அப்படி மேலே எழும்பும்போது டயர் ரோட்டை அமுக்கிப் பிடிக்காது. அந்த நேரத்தில் மிதித்தால் புது லைனிங்கும் ஒன்றும் செய்ய முடியாது. திருப்பூர்ச் சுற்றுவட்டாரத்தில் பெயின்ட் அழிந்த வேகத்தடைகளுக்குப் பஞ்சமா?

ஷாக் போனதைக் கண்டுபிடிப்பது சுலபம். உடம்பில் ஆயில் வழிந்து புழுதி அப்பியிருக்கும். டயர் ஒரே சீராகத் தேயாமல் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கும். உள்ளங்கையை வைத்துத் தடவினாலே தெரியும். பிரேக்குக்கு அறிகுறிகள் இன்னும் அதிகம். மிதித்தால் கீச்சென்று சத்தம் வந்தால் பேட் தீர்கிறது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அந்தப் பக்கக் காலிப்பர் சிக்கியிருக்கலாம், அல்லது எதிர்ப்பக்க லைனிங்கில் ஆயில் பட்டிருக்கலாம். பெடல் பஞ்சாக இருந்தால் உள்ளே காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. இந்தக் கடைசி அறிகுறி இருந்தால் ஒரு நடைகூட ஓட்டாதீர்கள்.

எஃப்.சி. வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது நம் ஊர் வழக்கம். வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 வருடத்துக்கு ஒருமுறைதான் எஃப்.சி. வரும். ஊருக்குள் ஓடும் வண்டியின் லைனிங் அதுவரை காத்திருக்காது.

சனிக்கிழமை முடிக்க வேண்டியது

கம்பெனிகளுக்கு லீவு என்பதால் வேலை ஞாயிற்றுக்கிழமையில்தான் அமையும். ஸ்பேர் பார்ட்ஸ் கடை அன்றைக்குத் திறந்திருக்கும் என்று நம்பி டிரம்மைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்காதீர்கள். முன் பேட் செட், பின் ஷூ செட், ஸ்பிரிங் கிட், வீல் சிலிண்டர், நான்கு ஷாக், அவற்றின் புஷ், சீல் உடையாத பிரேக் ஆயில் எல்லாம் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வீட்டில் இருக்கட்டும். சேசிஸ் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் சாமான் மாறுகிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் அந்த அச்சின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்க வேண்டும்.

லூஸ் பாக்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் லைனிங்கை வாங்க நமக்கு எந்த அவசியமும் இல்லை. 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா சென்னை பாடியில் இருக்கிறது. ரானே, சுந்தரம் லைனிங்குகளும் சென்னைக் கம்பெனிகளுடையவைதான். நல்ல சாமான் பக்கத்திலேயே தயாராகும் மாநிலத்தில் இருந்துகொண்டு பெயரில்லாத சாமானைப் போடுவது பைத்தியக்காரத்தனம்.

பிரேக் ஆயில் டப்பாவில் டாட் 3 அல்லது டாட் 4 என்று இருக்கும். உங்கள் வண்டியின் ரிசர்வாயர் மூடியில் எது எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். சத்தியமங்கலம் தாண்டித் திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகளைச் சரக்கோடு இறங்கும்போது டிரம்மும் டிஸ்க்கும் எவ்வளவு சூடாகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். போன வருடம் திறந்து பாதி வைத்த டப்பாவை நண்பர் கொண்டுவந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என்ஜின் ஆயில், கியர் ஆயில் ஒரு சொட்டுக்கூட இதில் கலக்கக் கூடாது, ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போகும்.

துடைக்கத் துணி. நம்மிடம் பனியன் வேஸ்ட்டுக்குக் குறைவில்லை, இந்தியா முழுக்கப் பட்டறைகள் துடைப்பதே அதில்தான். ஆனால் வீல் சிலிண்டர், காலிப்பர் பிஸ்டன், குழாய் வாய் இவற்றைத் துடைக்கும்போது ஃப்ளீஸ் வேஸ்ட்டை எடுக்காதீர்கள். பஞ்சு பிரிந்து சீலில் போய் உட்காரும். மூட்டையிலிருந்து நன்றாகத் துவைத்த, நூல் பிரியாத வழவழப்பான துண்டுகளைத் தனியே பொறுக்கி ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

தூக்குவது

சமமான சிமென்ட் தரை வேண்டும். செம்மண் வாசலில் ஜாக்கி சாயும். வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டு, பிறகு தூக்குங்கள்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஏஸ் பின் சக்கரத்தில் இழுக்கும் வண்டி. ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரத்துக்கே. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் கியரில் போட்டிருந்தாலும் பிரயோஜனமில்லை, ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தாலும் பிரயோஜனமில்லை. போதாக்குறைக்கு, டிரம் வெளியே வர ஹேண்ட் பிரேக்கை இறக்கியே ஆக வேண்டும். ஆக வண்டியைப் பிடித்து நிறுத்துவது முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் நீங்கள் வைக்கும் கட்டை மட்டும்தான். நல்ல மரக்கட்டையாக நான்கு வையுங்கள்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும். பின் அச்சுக்கு அடியில் இரண்டு பக்கமும் வைத்து, ஜாக்கியை இறக்கி, வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் கையால் தள்ளிப் பாருங்கள். ஸ்டாண்ட் இல்லையென்று ஹாலோ பிளாக்கை அடுக்குவது எங்கள் பக்கத்தில் ரொம்ப சாதாரணம். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். வாடகைக்காவது ஸ்டாண்ட் எடுங்கள்.

சாவியை எடுத்து உங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள், கேபின் கதவையும் பூட்டுங்கள். டிரம் கழன்றிருக்கும்போது விளையாட்டாக ஒரு குழந்தை பெடலை மிதித்தால் சிலிண்டர் பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும்.

பின் டிரம்

டிரம் வரவில்லையா, அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். டிரம் முகத்தில் மரை போட்ட ஓட்டைகள் இருந்தால் அதற்கேற்ற போல்ட்டை மாறி மாறி இறுக்கினால் தானே நகர்ந்து வரும். சுத்தியலால் விளிம்பில் அடித்தால் உடையும்.

உள்ளே இருக்கும் கருப்புத் தூசியை கம்ப்ரஸர் காற்றால் ஊதவே ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஈரத்தோடு துடைத்தெடுங்கள், மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்கைத் தொடும் முன் மொபைலில் நான்கு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகுதான் மறுபக்கத்தை அவிழ்க்க வேண்டும். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டை என்று குழம்பும்போது பிரிக்காத பக்கம் மாதிரியாக இருக்கும். இடவலம் மாறியிருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் லேசாகத் தூக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்றியாக வேண்டும். டிரம்மின் உட்புறத்தில் விரல் நகம் தட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கலாம், ஆனால் டிரம்மில் வார்த்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டிக் கடையக் கூடாது. தாண்டும் என்றால் புது டிரம்.

ஷூ உரசும் மேடுகளில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸ் ஒரு பொட்டு. அந்தக் கையோடு லைனிங்கைத் தொடாதீர்கள். டிரம்மை மாட்டிக் கையால் சுற்றினால் லேசாக உரசும் சத்தம் கேட்கும் வரைக்கும் அட்ஜஸ்டரை ஏற்றி, பிறகு உரசல் விடும்வரை கொஞ்சம் இறக்குங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளைப் பிறகுதான் தொட வேண்டும்.

முன் பேட் இதைவிடச் சுலபம். காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் பட்டையில் கட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ரிசர்வாயரில் ஆயில் ஏறும். மேலே நிற்கும் நண்பர் அதைக் கவனித்து, வழியும் முன் உறிஞ்சி எடுக்க வேண்டும். பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் போகும்.

ஷாக், பட்டை, ஒரு சின்னக் கம்பி

பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஷாக் மாற்றுவது மேல் போல்ட், கீழ் போல்ட், அவ்வளவுதான். துருப்பிடித்த நட்டுக்கு முந்தின ராத்திரியே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்தால் காலையில் கை நோகாது. அச்சுக்கு அடியில் ஸ்டாண்ட் இல்லாதபோது இரண்டு ஷாக்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அச்சு கீழே இறங்கிப் பிரேக் ஹோஸை இழுக்கும். ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைக் கழற்றுங்கள். புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, சில தடவை முழுக்க அமுக்கி இழுத்து உள்ளே இருக்கும் காற்றைப் போக்கிய பிறகு மாட்டுங்கள். போல்ட்டை இப்போது கையிறுக்கமாக மட்டும் வையுங்கள். வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நின்ற பிறகே கடைசி இறுக்கு. அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.

பின் அச்சுக்கு மேலே பார்த்தால் பல வண்டிகளில் சேசிஸிலுள்ள ஒரு வால்வையும் அச்சையும் இணைக்கும் சின்னக் கம்பி இருக்கும். சரக்கு ஏறினால் பட்டை அமுங்கும், சேசிஸ் கீழே வரும், கம்பி நகரும். ‘வண்டி லோடில் இருக்கிறது’ என்று வால்வு புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலியாக இருந்தால் அழுத்தத்தைக் குறைத்து, பின் சக்கரம் சறுக்காமல் காக்கும். அதிகமாக நூல் மூட்டை ஏற்றுவதற்காக நம் ஆட்கள் பட்டை ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அப்போது முழு லோடிலும் பட்டை முன்பு போல அமுங்காது. வண்டி பாதிக் காலியாக இருக்கிறது என்று வால்வு நினைத்துக்கொள்ளும். அதாவது சரக்கு கூடிய நாளில் பின் பிரேக் குறைகிறது. பட்டை சேர்த்த வண்டியில் ‘எவ்வளவு புது லைனிங் போட்டாலும் பிடிக்கல’ என்று புலம்புவோர் முதலில் இந்தக் கம்பியைப் பார்க்கட்டும். அச்சு தொங்கும் வண்டியில் காற்றெடுக்கும்போது பின் சக்கரத்துக்கு ஆயில் மெதுவாக வருவதற்கும் இதே வால்வு காரணமாகலாம். கம்பியை வளைத்து சரிசெய்ய முயலாதீர்கள். அதற்கு அளவு உண்டு, கம்பெனி சர்வீஸில் வைத்துத்தான் அமைக்க வேண்டும்.

காற்றெடுப்பது

இனி நண்பர் கேபினுக்குள், நீங்கள் கீழே. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதுதான் சரி. நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள்.

பேசும் வார்த்தைகளை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். லீவு நாளிலும் பக்கத்து ஷெட்டில் மெஷின் ஓடினால் அந்தச் சத்தத்தில் ‘விடாத’ என்பது ‘விடு’ என்று கேட்கும். அந்த இரண்டையும் அன்றைக்கு யாரும் சொல்லக் கூடாது. இப்படி இருக்கட்டும்:

“மிதி மாப்ள.”

“மிதிச்சாச்சு.”

நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறீர்கள். குழாயில் குமிழியோடு பழுப்பு ஆயில் வரும்.

“இறங்குது… இறங்குது… நின்னுருச்சு.”

“இறுக்கிட்டேன். எடு.”

“எடுத்தாச்சு.”

‘இறுக்கிட்டேன்’ என்று கேட்காதவரை கால் பெடலிலிருந்து எழவே கூடாது. நிப்பிள் திறந்திருக்கும்போது பெடல் மேலே வந்தால், இதுவரை எடுத்த காற்றெல்லாம் திரும்ப உள்ளே போகும். பழைய வண்டியானால் பெடலுக்கு அடியில் ஒரு சின்னக் கட்டையைப் போட்டு, அது தரை வரை போகாமல் தடுங்கள். வழக்கமாகப் போகாத ஆழத்துக்கு மாஸ்டர் சிலிண்டர் சீல் போனால், அங்கே படிந்திருக்கும் துருவில் உரசிக் கிழியும். சில மிதிக்கு ஒருமுறை ரிசர்வாயரை நிரப்புங்கள். அது காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். குமிழி நின்று, புது ஆயிலின் நிறம் வந்ததும் அடுத்த சக்கரம்.

ஓட்டிப் பார்ப்பது

சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, வண்டியை இறக்கி, ஷாக் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குங்கள். என்ஜினைப் போடும் முன் பெடல் கெட்டியாகும்வரை பம்ப் செய்யுங்கள். புது பேட் போட்ட வண்டியில் முதல் மிதி தரைக்கே போகும். அதைத் தெரியாமல் கிளப்பினால் நேரே எதிர்ச் சுவர்தான். பெடலை மிதித்துப் பிடித்தபடி என்ஜினைப் போடுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கி நின்றால் பூஸ்டர் வேலை செய்கிறது. தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் வண்டியை நகர்த்தாதீர்கள், ஒழுகல் எங்கே என்று தேடுங்கள்.

முதலில் வாசலுக்குள்ளேயே நடை வேகத்தில். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத காட்டுப் பாதையில், காலி வண்டியோடு, 30, 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாகப் பல தடவை பிடித்து, நடுநடுவே ஆற விடுங்கள். பேட்டும் லைனிங்கும் படிய வேண்டும். பைபாஸும் முழு லோடும் இதற்குப் பிறகு. திம்பமும் தொப்பூர் இறக்கமும் சில நாள் கழித்து. திரும்பி வந்ததும் நான்கு சக்கரத்துக்கும் அருகில் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே அட்ஜஸ்டர் இறுக்கம், அல்லது காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிரம்மைத் தொட வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளையும் ஷாக் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும், டயரின் உட்புறம் ஈரமிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பாட்டிலில் சேர்ந்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், நொய்யல் ஏற்கெனவே வாங்கியது போதும். கழிவு ஆயில் எடுப்பவரிடம் தனி டப்பாவில் கொடுங்கள். கழற்றிய ஷாக் இரும்புக் கடைக்குப் போகலாம். கேஸ் ஷாக்காக இருந்தால் அதைச் சொல்லிக் கொடுங்கள், உள்ளே அழுத்தம் இருப்பது தெரியாமல் வெல்டிங் வைத்து வெட்டினால் வெடிக்கும்.